தனித்துப் படிக்கும் பிள்ளை

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்கள் வந்துவிட்டால் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், சம்பளம் எவ்வளவு கட்டவேண்டும், விடுதியில் சாப்பாடு எப்படியிருக்கும் என்று பெரியவர்கள் இரவு பகலாக ஆலோசிக்கிறார்கள். இடம் கிடைத்த செய்தி வந்ததும் அண்டை வீடுகளுக்கெல்லாம் இனிப்பு வழங்குகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் கல்லூரியில் சேர்வது ஒன்று. அங்கே நிலைத்து நின்று கற்றுத் தேறுவது வேறொன்று.

மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22ஆம் ஆண்டில் நாடெங்கும் 4 கோடியே 33 இலட்சம் மாணவ மாணவியர் உயர்கல்வி பயின்றனர். 18 முதல் 23 வயது வரை உள்ளோரின் தொகையோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47. வாயில் முன்னினும் அகலத் திறந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. உள்ளே சென்ற பிள்ளை அங்கே எவ்வாறு வாழ்கிறான், யாருடைய துணை அவனுக்குக் கிட்டுகிறது என்பதே இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி.

“எங்கள் பையன் எவரோடும் சேரமாட்டான், தானுண்டு, தன் புத்தகமுண்டு என்றிருப்பான்” என்று பெருமையோடு கூறும் பெற்றோர் நம்மிடையே பலர். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் இந்தப் பெருமை சற்று அதிகம் என்றே சொல்லலாம். அன்னிய ஊர், அன்னிய மொழி, சகவாச தோஷம் பற்றிய அச்சம் ஆகிய எல்லாம் சேர்ந்து பிள்ளையைத் தனிமைக்குப் பழக்கிவிடுகின்றன. இப்பழக்கம் கல்லூரியில் எவ்வளவு தீங்கு விளைக்கக்கூடும் என்பதை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியிருக்கிறது.

பெர்க்லியில் கண்ட உண்மை

கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களின் நடுவே யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆராய்ச்சி மாணவர் இருந்தார். கால்குலஸ் எனப்படும் நுண்கணிதத்தில் தேறாதவர்க்கு அங்கே பொறியியல் முதலிய துறைகளின் கதவு மூடிவிடும். அப்பாடத்தில் கறுப்பின மாணவர் பலர் தோற்றுவந்தனர். சீன வமிசத்து மாணவர்களோ பெரும்பாலும் நன்கு தேறினர். இதற்குக் காரணம் யாது என்று டிரைஸ்மன் ஆசிரியர்களை வினவினார். ஊக்கமின்மை, பள்ளியில் சரியான அடித்தளமின்மை, வீட்டில் ஆதரவின்மை, வறுமை என நான்கு காரணங்கள் கூறப்பட்டன. எங்கேனும் ஒரு பிள்ளை தோற்றால் நாமும் சொல்லும் காரணங்கள் இவைதாமே!

டிரைஸ்மன் இவ்விடைகளை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இரு சாராரிலும் இருபதின்மரைத் தேர்ந்து, அவர்கள் அறையிலும் நூலகத்திலும் எவ்வாறு படிக்கிறார்கள் என்று அருகிலிருந்து கவனித்தார். நான்கு காரணங்களும் நிற்கவில்லை. தோற்றவர்களுள் தம் பள்ளியில் முதன்மை பெற்று வந்தவர்களும் இருந்தனர். அவர்களுடைய பெற்றோர் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியே தீர்வதென்று நெடுநாள் முன்பே உறுதி பூண்டவர்கள்.

வேறுபாடு படிக்கும் முறையில் இருந்தது. கறுப்பின மாணவர்கள் வகுப்புக்குத் தவறாமல் சென்றனர்; வகுப்பு மணி ஒன்றுக்கு இரண்டு மணி வீதம், ஆசிரியர் சொன்னபடியே வாரம் எட்டு மணி நேரம் படித்தனர். ஆனால் இருபதின்மருள் பதினெண்மர் சக மாணவரோடு ஒருபோதும் சேர்ந்து படிக்கவில்லை. பள்ளி நாட்களில் விளையாட்டுத் தோழர்களிடமிருந்து விலகித் தனித்துப் படித்ததால்தான் அவர்கள் உயர்ந்தார்கள். பள்ளியில் உயர்த்திய அதே பழக்கம் கல்லூரியில் அவர்களை வீழ்த்தியது.

சீன வமிசத்து மாணவர்களும் தனியே படித்தனர். அதன்பின் மாலையில் கூடி, ஒன்றாக உண்டு, ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் சரிபார்த்தனர். பழைய வினாத்தாள்களை எடுத்துப் பயின்றனர். இவ்வாறு வாரத்துக்குப் பதினான்கு மணி வரை படிப்பு நடந்தது. ஒரு கணக்கு யாருக்கும் வரவில்லையென்றால் கணக்குத்தான் கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனித்திருந்தவனுக்கோ அதை அறிய வழியில்லை. தன் அறிவுதான் போதவில்லை என்று அவன் உள்ளூர நம்பினான். வெட்கத்தால் எவரிடமும் சொல்லவுமில்லை. தேர்வு முடிவு வந்தபின் காலம் கடந்துவிட்டது.

பின்தங்கியோர்க்கென அப்பல்கலைக்கழகத்தில் உதவி வகுப்புகள் இல்லாமற்போகவில்லை. ஆயினும், பள்ளியில் முதல்வனாக விளங்கியவன் ‘மந்தமானவர்களுக்கு’ என்று பெயர் பெற்ற வகுப்பில் போய் அமர்வானா? இதனை உணர்ந்த டிரைஸ்மன் 1978-ல் ஒரு கணிதப் பட்டறையைத் தொடங்கினார். இது வல்லவர்க்குரிய இடம் என்று சொல்லியே மாணவர்களை அழைத்தார். எளிய கணக்குகளை விடுத்துக் கடினமானவற்றையே கொடுத்தார். சிறு சிறு குழுக்களாக அமர்ந்து வாதித்து விடை காணச் செய்தார். அதில் பங்குகொண்ட கறுப்பின மாணவரும் ஸ்பானிய வமிசத்து மாணவரும் தம் இனத்தவரை விஞ்சியதோடு, வகுப்பிலிருந்த வெள்ளையரையும் ஆசிய வமிசத்தவரையும் விஞ்சித் தேறினர். பின்னர் வேறு பல கல்லூரிகளும் இம்முறையைக் கைக்கொண்டன.

கூடிப் படிப்பது அரட்டையன்று என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். முதலில் தானாக முயன்றவனே கூட்டத்தில் கொடுக்கவும் கொள்ளவும் தகுதியுடையவன்.

வீட்டை மறக்கவேண்டுமா?

மாணவர் கல்லூரியை விட்டு விலகுவது ஏன் என்பதை ஆராய்ந்த வின்சென்ட் டின்டோ என்னும் அறிஞர், 1975-ல் வெளியிட்ட கட்டுரையில், பாடத்தோடும் உடன் பயில்வோரோடும் இணைப்பு ஏற்படாதவனே எளிதில் விலகுகிறான் என்று எடுத்துரைத்தார். பழைய உறவுகளிலிருந்து பிரிந்தே புதிய இடத்தில் ஒன்ற முடியும் என்பதும் அவர் கொள்கையில் அடங்கியிருந்தது. இதனைப் பிறர் மறுத்தனர். சிறுபான்மை இனத்துப் பிள்ளைகளுக்கு வீடும் சமூகமும் தடையல்ல, ஊன்றுகோல் என்று அவர்கள் காட்டினர். டின்டோவும் பிற்காலத்தில் இதனை ஒப்புக்கொண்டார். வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழியுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு இஃது ஆறுதலான செய்தி. கல்லூரியில் ஒன்றுவதற்காகத் தாய்மொழியையும் உறவையும் அவர்கள் உதறவேண்டியதில்லை.

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோயன் என்னும் இருவர் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் கருதத்தக்கது. ‘நமக்கு இங்கே இடமுண்டா?’ என்ற ஏக்கம் புதிதாக வரும் எல்லோருக்கும் நேர்வதே, நாளடைவில் அது நீங்கிவிடும் என்று மூத்த மாணவர் கூறிய அனுபவங்களை முதலாண்டு மாணவர்க்குப் படிக்கக் கொடுத்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சிதான் அது. அதைப் பெற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் மூன்றாண்டுக் காலத்தில் படிப்படியாக உயர்ந்து, வெள்ளை மாணவரோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. மூத்தவன் ஒருவனின் உண்மையான சொல்லுக்கு அத்துணை ஆற்றல்!

தலைமை என்பது யாது?

கல்லூரித் தலைமை என்றவுடன் தேர்தலும் மேடையும் மாலையும் நம் நினைவுக்கு வருகின்றன. அலெக்சாண்டர் ஆஸ்டின், ஹெலன் ஆஸ்டின் தம்பதியர் முதலானோர் 1996-ல் வகுத்த கருத்து வேறு. தலைமை பதவியால் வருவதன்று. பொதுநன்மைக்காகப் பலர் கூடிச் செய்யும் பணியிலே அது பிறக்கிறது என்பது அவர்கள் கொள்கை. அதன் வழியில் அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் 2006-ல் நடந்த ஆய்வு ஒன்று, தம்மினின்றும் வேறுபட்ட பின்னணியும் கருத்தும் உடைய தோழர்களோடு மனம் விட்டு உரையாடும் மாணவரிடமே தலைமைத் திறன் சிறந்து வளர்கிறது என்று கண்டது. ஆகவே நம் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் கூடியிருந்தால் போதாது. பஞ்சாபியும் வங்காளியும் மராத்தியரும் அவர்கள் படிக்கும் மேசையில் இருக்கவேண்டும்.

நம் நாட்டிலும் இத்துறையில் சில ஏற்பாடுகள் உண்டு. ராகிங் கொடுமையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் கடும் விதிகளை வகுத்தது. புதிய பொறியியல் மாணவருக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை 2017-ல் தொழில்நுட்பக் கல்விக் குழுவும், அதையொத்த ‘தீக்ஷாரம்ப்’ என்னும் திட்டத்தை 2019-ல் மானியக் குழுவும் கொண்டுவந்தன. ஆனால் விதிகள் ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து கணக்குப் போடமாட்டா. அதற்கு மனிதர் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

தொலைபேசியில் பிள்ளையை அழைக்கும்போது “எத்தனை மார்க்?” என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், “இன்று யாரோடு சாப்பிட்டாய்? யாரோடு உட்கார்ந்து படித்தாய்?” என்றும் கேட்போம். இரு திங்கள் கழிந்தும் விடையாக ஒரு பெயரேனும் வரவில்லையென்றால் அதைப் பெருமையாகக் கருதாது எச்சரிக்கையாகக் கொள்வோம். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால், வசைமொழி கூறுமுன், அக்கணக்கு மற்றவர்க்கும் கடினமாக இருந்ததா என்று விசாரிப்போம்.

சங்கங்கள் செய்யத்தக்கதும் பெரிதன்று. நகரத்துக் கல்லூரிகளில் பயிலும் நம் மூத்த மாணவ மாணவியரை அழைத்து, புதியவர் ஒவ்வொருவர்க்கும் அண்ணனாகவோ அக்காளாகவோ ஒருவரை அமர்த்தலாம். ஞாயிறு காலையில் சங்கக் கூடத்தைத் திறந்து, மேசையும் கரும்பலகையும் காப்பியும் தந்து, அவர்தம் வேற்றுமொழித் தோழர்களையும் உடன் வரவேற்கலாம். அதற்குப் ‘பின்தங்கியோர் வகுப்பு’ என்று மட்டும் பெயரிடவேண்டாம்!

பிழைப்பை நாடி நம் முன்னோர் இந்நகரங்களுக்கு வந்தபோது, முன்னே வந்தவர் பின்னே வந்தவர்க்கு அறை பார்த்துக் கொடுத்தார், மெஸ்ஸுக்கு வழிகாட்டினார், வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அத்துணையால் தலையெடுத்த நாம், அதே துணையை நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாயிலுக்குள்ளும் கிட்டச் செய்வது நம் கடன்.