நாமும் நாங்களும்: ஐரோப்பியப் பத்திரிகைகள் காட்டும் ஐரோப்பா

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரு சொற்கள் உண்டு. கேட்பவரையும் உளப்படுத்திக் கூறுவது ‘நாம்’. அவரை விலக்கிக் கூறுவது ‘நாங்கள்’. ‘நாம் போகலாம்’ என்றால் எதிரில் இருப்பவனும் எழுந்து புறப்படுவான். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் இருந்த இடத்திலிருந்தே விடை கொடுப்பான். தொடக்கப்பள்ளி மாணவனும் பிழையின்றிக் கையாளும் இவ்வேறுபாடு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் இல்லை. ஒரே சொல்லே இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. இதனை அம்மொழிகளின் குறை என்று சொல்வதற்கில்லை. அவரவர் மொழி அவரவர்க்குப் போதுமானதே. ஆயினும், ஐரோப்பிய நாடுகளின் பத்திரிகைகள் ஐரோப்பாவைப் பற்றி எவ்வாறு எழுதுகின்றன என்பதை ஆராயப் புகுவோர்க்கு நம் மொழியின் இவ்விரு சொற்களும் பெரிதும் பயன்படும்.

ஜெர்மனியைச் சேர்ந்த கார்டினல் ஒருவர் 2005ஆம் ஆண்டு போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏப்ரல் 20ஆம் நாள், அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் ‘பில்ட்’ நாளிதழ், ‘நாம் போப்பாண்டவர் ஆனோம்’ எனப் பொருள்படும் தலைப்பை முதற்பக்கத்தில் இட்டது. இத்தலைப்பை மொழிபெயர்ப்பவர் ‘நாம்’ என்று எழுதுவதா, ‘நாங்கள்’ என்று எழுதுவதா? பத்திரிகை தன் வாசகரை நோக்கிப் பேசுவதால் ‘நாம்’ என்பதே பொருத்தம். அதே தாளை விரித்துப் பார்க்கும் இத்தாலியருக்கோ போலந்துக்காரருக்கோ அது ‘நாங்கள்’ என்றே ஒலிக்கும். போப்பாண்டவர் அவர்களுக்கும் உரியவர் அன்றோ?

தேசியப் பத்திரிகை என்பதன் இயல்பே இதுதான். அது ஒரு மொழியில், ஒரு நாட்டு மக்களுக்காக எழுதப்படுவது. ஆனால், அது எழுத வேண்டிய செய்திகளில் ஒரு பெரும் பகுதி இன்று ஒரு நாட்டுக்குள் அடங்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது 27 நாடுகள் இருக்கின்றன, ஆட்சிமொழிகள் 24. ஆறு நாடுகள் கூடி 1958இல் இயற்றிய முதல் ஒழுங்குவிதியே எந்தெந்த மொழிகளைக் கையாள்வது என்பதைப் பற்றியதுதான். சட்டங்கள் அத்தனை மொழிகளிலும் அச்சாகின்றன. மக்களோ அச்சட்டங்களைப் படிப்பதில்லை. தத்தம் நாட்டுப் பத்திரிகைகளையே படிக்கின்றனர்.

செய்தி பிறக்கும் இடத்திலேயே இப்பிரிவு தொடங்கிவிடுகிறது. நாட்டுத் தலைவர்களின் உச்சி மாநாடு பிரஸ்ஸல்ஸ் நகரில் நடைபெறும். இரவு நெடுநேரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருவார்கள். பின்பு ஒவ்வொரு தலைவரும் தம் நாட்டு நிருபர்களுக்கென ஒதுக்கப்பட்ட அறைக்குச் சென்று, தம் மொழியில், தாம் வாதாடிப் பெற்றது இன்னது என்று விளக்குவார். கூடிச் செய்த முடிவு ஒன்று. மறுநாட் காலையில் அது பல நாடுகளின் தனித்தனி வெற்றியாக அச்சேறும். கசப்பான முடிவாக இருந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. ‘பிரஸ்ஸல்ஸ் திணித்தது’ என்று சொல்லிவிடலாம். அமைச்சரும் அந்த மேசையில் அமர்ந்து கையுயர்த்தியவர்தாம் என்பது பல தலைப்புகளில் இடம் பெறுவதில்லை.

பிரிட்டனின் வரலாறு இதற்குத் தக்க சான்று. பொதுச் சந்தையில் நீடிப்பதா என்று 1975 ஜூன் 5ஆம் நாள் அங்கே பொது வாக்கெடுப்பு நடந்தபோது, பொதுவுடைமை நாளிதழான ‘மார்னிங் ஸ்டார்’ நீங்கலாக ஏறத்தாழ எல்லாத் தேசிய நாளிதழ்களும் நீடிக்கவே பரிந்துரைத்தன. மக்களில் 67 விழுக்காட்டினர் அவ்வாறே வாக்களித்தனர். பதினைந்து ஆண்டுகளில் காற்றுத் திசை மாறியது. 1990 அக்டோபர் 30ஆம் நாள் பிரதமர் மார்கரெட் தாட்சர், ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஜாக் டெலோரின் திட்டங்களுக்கு நாடாளுமன்றத்தில் மும்முறை ‘இல்லை’ என்றார். நவம்பர் 1ஆம் நாள் ‘சன்’ நாளிதழ் டெலோரின் பெயரோடு எதுகை பொருந்திய ஒரு வசைமொழியை முதற்பக்கத் தலைப்பாக்கியது. மறுநாள் நண்பகலில் வாசகர்கள் பிரான்ஸ் நாட்டுத் திசை நோக்கி நின்று அவ்வசையை உரக்கக் கூவ வேண்டும் என்றும் அழைத்தது. டெலோர் பிரெஞ்சுக்காரர் என்பது உண்மையே. ஆனால், பிரிட்டனும் அடங்கிய பன்னிரண்டு நாடுகளுக்குமான ஆணையத்தின் தலைவராக, தாட்சரும் இசைந்தே அவர் அமர்த்தப்பட்டிருந்தார். ‘நம்’ ஆணையத்தின் தலைவர் ஒரே தலைப்பில் ‘அவர்கள்’ ஆள் ஆகிவிட்டார்.

வாழைப்பழக் கதை இன்னும் சுவையானது. 1994ஆம் ஆண்டின் 2257ஆம் எண் ஒழுங்குவிதி, விற்பனைக்கு வரும் பழம் 14 சென்டிமீட்டருக்குக் குறையாதிருக்க வேண்டும், இயல்புக்கு மாறாக வளைந்திருத்தல் ஆகாது என்று தரம் வகுத்தது. கடைநிலைத் தரத்துக்கு வடிவக் குறைகள் இருக்கலாம் என்ற விலக்கும் அதிலேயே உண்டு. பிரிட்டிஷ் பத்திரிகைகள் பல இதனை ‘வளைந்த வாழைப்பழத்துக்குத் தடை’ என்று ஆக்கின. அதற்குமுன் வணிகர்களும் தனித்தனி நாடுகளும் வைத்திருந்த தரவிதிகளைப் பற்றி எவரும் சிரிக்கவில்லை. அயலான் எழுதிய விதி என்று தோன்றியதும் சிரிப்பு வந்தது. நாளடைவில் சிரிப்பு சினமாக மாறியது. இத்தகைய கேலிச் செய்திகளைப் பிரஸ்ஸல்ஸிலிருந்து எழுதிப் பெயர் பெற்றவர்களுள் ஒருவர், 1989 முதல் 1994 வரை ‘டெய்லி டெலிகிராப்’ நிருபராக அங்கிருந்த போரிஸ் ஜான்சன். அவரே 2019இல் பிரதமரானார்; 2020 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் வெளியேற விரும்பியோர் 52 விழுக்காட்டினர். பத்திரிகைகள் மட்டுமே இதனைச் செய்தன என்பது மிகையாகும். குடியேற்றம், வேலை, வருவாய் ஆகியவற்றைப் பற்றிய குறைகள் மெய்யாகவே இருந்தன. அந்தக் குறைகளுக்குப் பத்திரிகைகள் ஒரு முகவரி தந்தன எனலாம்.

பிரான்ஸிலும் 2005இல் இதை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஐரோப்பிய அரசியலமைப்பு உடன்படிக்கை பற்றிய வாக்கெடுப்பின்போது, மலிந்த கூலிக்கு வேலை செய்ய வரும் ‘போலந்துக் குழாய்த் தொழிலாளி’ என்ற உருவம் மேடைகளிலும் தாள்களிலும் உலவியது. மே 29ஆம் நாள் 55 விழுக்காட்டினர் உடன்படிக்கையை மறுத்தனர். போலந்தின் சுற்றுலாத் துறை இதற்குச் சினக்கவில்லை. அழகிய இளைஞன் ஒருவன் குழாயும் கருவியும் ஏந்தி, தான் போலந்திலேயே இருக்கப்போவதாகவும் பிரெஞ்சுக்காரர்கள் திரளாக வர வேண்டும் என்றும் அழைக்கும் சுவரொட்டியை வெளியிட்டது. இவ்வளவு நயமான மறுமொழியை அரசாங்க அலுவலகங்களிலிருந்து எதிர்பார்ப்பது அரிது.

கிரேக்கக் கடன் நெருக்கடியில் இத்தகைய நயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. 2009 அக்டோபரில் பதவியேற்ற புதிய கிரேக்க அரசு, வரவுசெலவுப் பற்றாக்குறை முன்னர்ச் சொல்லப்பட்டதைவிட இருமடங்குக்கும் மேல் என்று ஒப்புக்கொண்டது. அதனை அடுத்து, 2010 பிப்ரவரியில் ஜெர்மனியின் ‘ஃபோக்கஸ்’ வார இதழ், மைலோஸ் தீவின் புகழ்பெற்ற வீனஸ் சிலை இழிவான சைகை காட்டுவதுபோல் அட்டைப்படம் அச்சிட்டு, யூரோக் குடும்பத்தின் ஏமாற்றுக்காரர் என்று எழுதியது. ‘பில்ட்’ இதழோ தீவுகளை விற்றுக் கடனை அடையுங்கள் என்றது. ஏதென்ஸ் நாளிதழ் ஒன்று, பெர்லின் வெற்றித்தூணின் உச்சியில் நிற்கும் தேவதையின் கையில் நாஜிச் சின்னத்தை வரைந்து காட்டியது. 1941ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் பிடியில் ஏதென்ஸ் மக்கள் பட்டினியால் மடிந்ததை மறவாத வாசகர்களுக்கு அப்படத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மே மாதம் 110 பில்லியன் யூரோ கடனுதவி முடிவாயிற்று. ஜெர்மன் தாள்களில் அது உழைத்து வரி கட்டுவோரின் பணம். கிரேக்கத் தாள்களில் அது குறைக்கப்பட்ட ஓய்வூதியம், வெட்டப்பட்ட சம்பளம். இரண்டும் உண்மை. கடனாக வந்த தொகையில் பெரும் பகுதி பழைய கடன்காரர்களுக்கே திரும்பிச் சென்றது என்பதும், அக்கடன்காரர்களுள் ஜெர்மானிய, பிரெஞ்சு வங்கிகள் இருந்தன என்பதும் உண்மையே. ஆனால் இவ்வுண்மை ‘சோம்பேறிக் கிரேக்கன்’, ‘கொடிய ஜெர்மானியன்’ என்ற இரு கதைகளிலும் பொருந்தவில்லை. ஆதலின் பொருளாதாரப் பக்கங்களின் உள்ளே ஒதுங்கிக் கிடந்தது. முதற்பக்கத்தை அந்த இரு உருவங்களே பிடித்துக்கொண்டன.

இங்கே புதிதாக நேர்ந்தது ஒன்றுண்டு. முற்காலத்தில் ஒரு நாட்டுத் தாள் அயலாரை ஏசினால் அந்த ஏச்சு பெரும்பாலும் எல்லைக்குள் அடங்கிவிடும். 2010இலோ பெர்லினில் அச்சானது உடனுக்குடன் ஏதென்ஸில் மொழிபெயர்க்கப்பட்டது. வீட்டுக்குள் ‘நாம்’ என்று பேசியதைப் பக்கத்து வீட்டார் ‘நாங்கள்’ என்று கேட்டனர். ஒருவர் செய்தியை ஒருவர் அறியத் தொடங்கியது நல்லதுதான். அறிந்ததால் அன்பு பெருகவில்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்கள் நேரே வாக்களிக்கும் முறை 1979 ஜூனில், ஒன்பது நாடுகளில் தொடங்கியது. அவ்வாண்டு 62 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2014இல் அது 43க்கும் கீழே இறங்கியது. 2019இல் மீண்டும் 50ஐத் தாண்டியது. ரைஃப், ஷ்மிட் என்ற இரு அறிஞர்கள் 1980இலேயே இதனை ‘இரண்டாம் நிலைத் தேர்தல்’ என்றனர். ஐரோப்பாவுக்கான தேர்தலை உள்நாட்டு அரசின் மதிப்பெண் பட்டியலாகவே மக்களும் பத்திரிகைகளும் காண்கின்றனர் என்பது அவர்கள் கருத்து.

எல்லார்க்கும் பொதுவான பத்திரிகை ஒன்றை ஏன் நடத்தலாகாது என்ற கேள்வி எழுவது இயல்பே. ராபர்ட் மாக்ஸ்வெல் 1990இல் ‘தி யூரோப்பியன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். 1998இல் அது நின்றுபோயிற்று. பிரான்ஸும் ஜெர்மனியும் கூடி அமைத்த ‘ஆர்ட்டே’ தொலைக்காட்சி 1992 முதல் ஸ்டிராஸ்பர்க் நகரிலிருந்து இரு மொழிகளில் ஒளிபரப்பி வருகிறது. 2012 ஜனவரியில் ‘லெ மோன்ட்’, ‘கார்டியன்’, ‘சூட்டாய்ச்ச சைட்டுங்’, ‘எல் பாயிஸ்’, ‘லா ஸ்தம்பா’, ‘கசெட்டா விபோர்ச்சா’ ஆகிய ஆறு நாளிதழ்கள் கூடி ஓர் இணைப்பிதழை வெளியிட்டன. ஒரு நாட்டார் மற்றவரைப் பற்றிக் கொண்டுள்ள கேலிக் கருத்துகளையே ஆய்வுப்பொருளாக எடுத்து, அவை எவ்வளவு மெய் என்று அவை கேட்டன. ஆறு மொழிகளில் ஒரே கட்டுரைகளை வெளியிடும் உழைப்பை நாள்தோறும் எந்தப் பத்திரிகையாலும் தாங்க முடியாது.

ஆகவே, பல நாட்டாரும் பொதுவாகப் படிக்கும் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. இலண்டனின் ‘ஃபைனான்சியல் டைம்ஸ்’, 2015இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய ‘பொலிட்டிக்கோ’ பதிப்பு போன்றவை அவை. அதிகாரிகளும் வணிகரும் அவற்றை வாசிக்கின்றனர். லிஸ்பனில் பேருந்து ஓட்டுபவரிடமோ வார்சாவில் குழாய் பொருத்துபவரிடமோ அவை சென்று சேர்வதில்லை. பிரிட்டன் விலகிச் சென்ற பின்னும் அயர்லாந்தும் மால்ட்டாவும் இருப்பதால், ஆங்கிலம் ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவே நீடிக்கிறது.