டிரம் கேம் ஆடணுமா... முதல்ல இயர்போனை மாத்துங்க!

அரியலூர் ரெட்டிபாளையமோ, ஜப்பானின் டோக்கியோவோ... கொட்டுச் சத்தம் கேட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. அதை வைத்தே 2001-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் கொண்டுவந்த வீடியோ கேம் 'தைகோ நோ தட்சுஜின்'. திரையில் சிவப்பு வட்டம் வந்தால் டிரம்மின் நடுவில் அடிக்க வேண்டும். நீலம் என்றால் விளிம்பில். பெரிய வட்டத்துக்கு இரண்டு கையும்! அவ்வளவுதான் விதி.

'டிரம் கன்ட்ரோலர் வேணும்'னு பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்களா? பெற்றோரே, கொஞ்சம் பொறுங்கள். ஸ்விட்ச், பிளேஸ்டேஷனின் சாதாரண பட்டன்களிலேயே இதை ஆடலாம். டிரம் என்றால் குச்சி அடிக்கும் 'டப் டப்' சத்தம் வேறு. ராத்திரி பத்து மணிக்குக் கீழ்வீட்டுக்காரரிடம் யார் பதில் சொல்வது?

நிஜ வில்லன் புளூடூத் இயர்போன். ஒலி துளியூண்டு தாமதமாகத்தான் காதுக்கு வரும். பாட்டு கேட்கும்போது அது தெரியாது. தாளம் போடும்போது அடி எல்லாம் தப்பும். மொபைலில் ஆடும் ரிதம் கேம்களுக்கும் இதே கதைதான். வயர் இயர்போன் மாட்டுங்கள், டிவி என்றால் 'கேம் மோட்' போடுங்கள், கேம் செட்டிங்ஸில் டைமிங்கைச் சரிபாருங்கள்.

ஒரு மாதம் ஆடியும் ஆசை அடங்கவில்லையா? அப்போது டிரம் வாங்கலாம். உங்கள் கேம் மெஷினுக்குப் பொருந்துமா என்று கடையில் கேட்டுவிட்டு, வயர் உள்ளதாகவே வாங்குங்கள்.