கருவிழியின் அமைப்பும் குடியானவர் அறியவேண்டிய எச்சரிக்கையும்

மொரப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல்லும் கேழ்வரகும் சோளமும் கரும்பும் பயிராகின்றன. இவற்றை அறுத்துக் களம் சேர்க்கும் நாட்களில் கையில் அரிவாள் படாமல் கவனமாயிருக்கும் குடியானவர், கண்ணில் உமி தெறித்தால் மாத்திரம் துண்டினால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வது வழக்கம். அரிவாள் வெட்டு சில தினங்களில் ஆறித் தழும்பாகும். அத்தழும்பினால் கைக்கு நஷ்டமொன்றுமில்லை. கண்ணில் உண்டாகும் தழும்போ பார்வையையே மறைத்துவிடும். ஒரே தேகத்தில் இவ்வளவு வித்தியாசம் ஏற்படுவதற்குக் காரணம் கண்ணின் அமைப்பேயாகும். அவ்வமைப்பை அறிந்தவர், கண்ணில் அடிபட்ட அன்றைக்கே வைத்தியரிடம் செல்லவேண்டியதன் அவசியத்தையும் உணர்வர். ஆகவே அதனைச் சுருக்கமாக ஈண்டு எடுத்துரைப்போம்.

கண்ணின் மூன்று உறைகள்

கண்விழி சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை; அதாவது ஓர் அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்தது. அதற்கு மூன்று உறைகள் உண்டு. வெளியுறை உறுதியானது, அதன் பெரும்பகுதி வெண்விழியாகவும், முன்பகுதி கண்ணாடிபோல் தெளிந்த கருவிழியாகவும் அமைந்திருக்கின்றது. நடுவுறையில் இரத்தக்குழாய்கள் நிறைந்துள்ளன. அதன் முன்பகுதியே கரிய அல்லது பழுப்பு நிறமுள்ள வட்டத்திரை. அத்திரையின் நடுவிலுள்ள துவாரமே கண்மணி. உள்ளுறை விழித்திரை எனப்படும். ஒளியை உணரும் சுமார் 12 கோடி குச்சி வடிவ உயிரணுக்களும், சுமார் 60 லட்சம் கூம்பு வடிவ உயிரணுக்களும் அதில் இருக்கின்றன. முன்னவை மங்கிய வெளிச்சத்திலும், பின்னவை பகல் வெளிச்சத்திலும் நிறங்களை அறிவதிலும் பயன்படுகின்றன.

கண்மணிக்குப் பின்னால் ஒளியைக் குவிக்கும் வில்லை இருக்கின்றது. முதுமையில் இது மங்குவதே கண்புரை. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும். கண்ணில் பூ விழுதல் என்று கிராமங்களில் சொல்லப்படுவது இதனின்றும் வேறானது. அது கருவிழியில் ஏற்பட்ட தழும்பு. புரை நீக்கும் சிகிச்சையால் அது நீங்காது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் காலங்கடத்துதல் தகாது.

கருவிழியின் ஐந்து படலங்கள்

கருவிழி என்று பெயர் பெற்றிருப்பினும் அது நிறமற்றதே. கடிகாரத்தின் மேல்கண்ணாடி வழியாக முட்கள் தெரிவதுபோல, அதன் வழியாகப் பின்னுள்ள வட்டத்திரையின் கருமையே நமக்குத் தெரிகின்றது. கண்ணின் ஒளிகுவிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கருவிழியைச் சேர்ந்தது. இத்துணை முக்கியமான உறுப்பின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் கனமே உடையது. இவ்வரை மில்லிமீட்டருக்குள் ஐந்து படலங்கள் அடங்கியுள்ளன.

முதலாவது மேற்படலம். இது ஐந்து முதல் ஏழு வரிசை உயிரணுக்களாலானது. இதன் கனம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பழைய உயிரணுக்கள் கண்ணீரோடு உதிர்ந்துபோக, புதியவை எழுகின்றன. சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் இப்படலம் முழுதும் புதிதாகின்றது. இதற்கு வித்தாகிய உயிரணுக்கள் கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் விளிம்பில் இருக்கின்றன. கிருமி புகாமல் இப்படலத்தோடு நிற்கும் கீறல், ஓரிரு தினங்களில் தழும்பின்றி ஆறிவிடும்.

இரண்டாவது, பௌமன் என்னும் ஆங்கில வைத்தியரின் பெயரால் வழங்கும் மெல்லிய படலம். இதில் உயிரணுக்கள் இல்லை. இது ஒருமுறை சிதைந்தால் மீண்டும் வளர்வதில்லை.

மூன்றாவது நடுப்படலம். கருவிழியின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு இதுவே. இருநூறுக்கு மேற்பட்ட மெல்லிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதுபோல் இது அமைந்திருக்கின்றது. ஒவ்வொரு தாளிலும் நார்ப்பொருள் இழைகள் ஒரே பருமனோடும் ஒரே இடைவெளியோடும் ஒழுங்காகச் செல்கின்றன.

நான்காவது, தெசமே என்னும் பிரெஞ்சு வைத்தியரின் பெயர் கொண்ட, இழுவைத்தன்மை மிக்க படலம். ஐந்தாவது ஒரே வரிசை உயிரணுக்களாலான உட்படலம். இளமையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 உயிரணுக்கள் இதில் இருக்கும். கண்ணின் உள்நீர் நடுப்படலத்தில் ஊறித் தேங்காதபடி இறைத்து வெளியேற்றுவதே இவற்றின் தொழில். இவை அழிந்தால் புதியவை பிறப்பதில்லை. அண்டையிலுள்ளவை பரந்து இடத்தை நிரப்ப முயலும். பெருந்தொகை அழிந்துவிடின் கருவிழி நீரூறி வீங்கி மங்கும்.

தெளிவும் அதன் விலையும்

கருவிழியின் தெளிவுக்கு இழைகளின் ஒழுங்கு ஒரு காரணம். இரத்தக்குழாய்கள் இல்லாமை மற்றொரு காரணம். அது காற்றிலுள்ள பிராணவாயுவைக் கண்ணீரின் வழியாகவும், ஆகாரத்தைப் பெரும்பாலும் உள்நீரின் வழியாகவும் பெறுகின்றது. ஆனால் இத்தெளிவுக்கு ஒரு விலை உண்டு. கையில் காயம்பட்டால் இரத்தம் அவ்விடத்திற்கு உடனே காவற்படையை அனுப்புகின்றது. கருவிழிக்கு அப்படை சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து தாமதித்தே வந்து சேரும். ஆகவே மேற்படலமே அதன் கோட்டைச்சுவர். அச்சுவரில் சிறு திறப்பு ஏற்பட்டாலும் கிருமிகள் நடுப்படலத்தில் குடிபுகுந்து அதனைக் கரைக்கத் தொடங்கும். இதுவே கருவிழிப்புண். புண் ஆறும்போது உண்டாகும் புதிய இழைகள் பழைய ஒழுங்கில் அமைவதில்லை. ஒளி அவற்றில் சிதறுவதால் அவ்விடம் வெண்மையாகத் தோன்றுகின்றது. அதுவே பூ.

மேலும், கருவிழியில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ளன. சிறு தூசியும் பெருவலி தருவது அதனாலேதான். அவ்வலி ஓர் எச்சரிக்கை. அதை அடக்குவது மாத்திரம் சிகிச்சையாகாது.

மதுரையிலும் நேபாளத்திலும் கண்ட உண்மை

1994ஆம் வருஷம் ஜனவரி முதல் மார்ச் வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப்புண்ணோடு வந்த 434 பேர் ஆராயப்பட்டனர். அவர்களில் 284 பேர் முன்னர்க் கண்ணில் காயம்பட்டவர்கள். அக்காயங்களில் பெரும்பாலானவை விவசாய வேலையில் நேர்ந்தவை. கிருமி கண்டறியப்பட்ட புண்களில் ஏறக்குறையப் பாதி பாக்டீரியாவாலும், ஏறக்குறையப் பாதி பூஞ்சைக்காளானாலும் உண்டாயிருந்தன. உமி, சோளத்தட்டை, கரும்புச்சோகை, மண் ஆகியவற்றில் காளான்விதைகள் இயல்பாகவே இருப்பதால், கீறலும் விதைப்பும் ஒரே கணத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. 1993ஆம் வருஷத்தைப் பற்றிய ஒரு கணக்கின்படி மதுரை ஜில்லாவில் லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் இந்நோய் கண்டது. அமெரிக்காவில் ஒரு பிரதேசத்தில் 1980களில் கண்ட அளவைவிட இது சுமார் பத்து மடங்கு.

நேபாளத்தின் பக்தபூர் ஜில்லாவில் நடந்து 2001இல் வெளியான ஆராய்ச்சி குடியானவர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. அங்கே கருவிழிக் கீறலோடு வந்த 442 பேருக்குக் கிராம ஊழியர்கள் கிருமிநாசினிக் களிம்பைத் தினம் மூன்று வேளை, மூன்று நாட்கள் இட்டனர். காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கிய 284 பேரில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கும், 24 முதல் 48 மணிக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கும் புண் உண்டாயிற்று. மருந்து ஒன்றே, வித்தியாசம் காலத்தில் மாத்திரம்.

செய்யவேண்டியவையும் செய்யத்தகாதவையும்

கண்ணில் ஏதேனும் பட்டால் சுத்தமான நீரால் கழுவுக, கசக்கவேண்டாம். உறுத்தலோ சிவப்போ கூச்சமோ இருக்குமாயின் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுதல் வேண்டும். கருவிழியில் வெண்புள்ளி தோன்றினாலும் பார்வை குறைந்தாலும் தாமதமின்றித் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற கண் வைத்தியர் உள்ள இடத்தை அடையவேண்டும். கண்ணில் எதுவும் குத்தி நின்றால் அதைப் பிடுங்கலாகாது.

தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடுவதும், நாக்காலும் துணிமுனையாலும் தூசியை எடுப்பதும் திறந்த கோட்டைக்குள் பகைவரை அழைப்பதற்கு ஒப்பாகும். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்திலும் அபாயம் உண்டு. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பையும் வலியையும் தணிக்கும். ஆனால் காளான்புண்ணில் அது காளானுக்கே துணைசெய்யும். நலமடைந்ததாக எண்ணியிருக்கும்போதே புண் ஆழமாகும்.

சுண்ணாம்பு தெறித்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. அங்கேயே கிடைக்கும் சுத்தமான நீரால் குறைந்தது அரைமணி நேரம், இமைகளை விரித்துக் கழுவி, ஒட்டிய துணுக்குகளை நீரோட்டத்தாலேயே அகற்றிப் பின்னரே வைத்தியரிடம் செல்க. வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் தாய்மாரின் கடமை. கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் இவ்வாறே கழுவத்தக்கவை. எருக்கம்பால் உட்படலம் வரை சென்று கெடுக்கும். வலி அதிகமில்லாதபோதும் பார்வை மங்கக்கூடும். ஆகையால் வலியில்லை என்று அலட்சியம் செய்யற்க.

கதிரடிக்கும்போதும் கரும்பு வெட்டும்போதும் கல் உடைக்கும்போதும் காப்புக் கண்ணாடி அணிவது உத்தமம். பால் கறக்கும்போது மாட்டின் வால் கண்ணில் அடிப்பதும் காயமே.

மாற்றுக் கருவிழி

தழும்பு முற்றிவிட்டால் எஞ்சியுள்ள வழி, இறந்தவர் ஒருவரின் கருவிழியைப் பொருத்துவதே. 1905ஆம் வருஷம் டிசம்பர் 7ஆம் தேதி, இன்று செக் நாட்டில் உள்ள ஒலமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்னும் வைத்தியர் இச்சிகிச்சையில் முதன்முதல் வெற்றி கண்டார். பார்வை பெற்றவர் சுண்ணாம்பினால் கண்கெட்ட ஓர் உழைப்பாளி. 1819இல் நிறுவப்பட்ட சென்னை அரசு கண் மருத்துவமனையில், டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945இல் இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். 1948இல் கருவிழி மாற்றுச் சிகிச்சையும் செய்தார்.

இச்சிகிச்சைக்கு வேண்டிய கருவிழியை எந்தத் தொழிற்சாலையும் போதிய அளவில் செய்து தருவதில்லை. அது தானத்தாலேயே பெரும்பாலும் கிடைக்கின்றது. இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்களை எடுக்கவேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தல் நலம். கண்ணாடி அணிந்தவரும் முதியவரும் தானம் செய்யலாம். ஆயினும் பொருத்தப்பட்ட கருவிழி எல்லாருக்கும் நிலைத்துத் தெளிவாக இருப்பதில்லை. அதற்கு நெடுநாள் மருந்தும் கவனிப்பும் அவசியம்.

கருவிழி தன் மேற்படலத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அதற்குக் கீழுள்ள ஒழுங்கு கெட்டால் அதனை முன்போல் அமைக்கும் திறமை அதற்கு இல்லை. அக்கீழ்ப்படலங்களைக் கிருமி தொடுமுன் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரமே. களத்தில் கண் உறுத்தும் ஒருவரை மறுநாள் பார்ப்போம் என்று நிறுத்தாமல் அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்புவது, வீட்டாரும் உடன் வேலை செய்பவரும் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவியாகும்.