ரோட்ஸ்: அமானிதம் காத்த கடற்கரை நகரம்

கிரேக்க நாட்டுத் தீவுகள் என்றதும் நீலக் கடலும் உல்லாச விடுதிகளும் மட்டுமே உங்கள் நினைவுக்கு வருகின்றனவா? அப்படியாயின், வாசக அன்பர்களே, ரோட்ஸ் நகரைப் பற்றி நீங்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். அரபு நூல்கள் ‘ரூதிஸ்’ எனக் குறிக்கும் இத்தீவு, துருக்கிக் கரையிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. துருக்கியின் மர்மரிஸ் துறைமுகத்தில் விரைவுப் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் இந்நகரின் மதில்கள் கண்ணுக்குப் புலனாகும்.

கிரேக்கர், ரோமர், சிலுவை வீரர், உஸ்மானியர், இத்தாலியர் எனப் பலர் இங்கே ஆண்டனர். ஒவ்வோர் ஆட்சி மாறியபோதும், முன்னவர் விட்டுச் சென்றவற்றைப் பின்னவர் என்ன செய்தனர்? இந்த ஒரு கேள்வியை மனத்தில் ஏந்தி வாருங்கள். ஒரு நாள் முழுவதும் நடந்தே பார்ப்போம்.

துறைமுகமும் வெண்கலச் சிலையும்

காலை வேளையில் மந்திராக்கித் துறைமுகத்திலிருந்து தொடங்குவோம். அலை தடுக்கும் கற்சுவரின் மீது பழைய காற்றாலைகள் மூன்று நிற்கின்றன. துறைமுக வாயிலின் இருபுறமும் உள்ள தூண்களின் மேல் ஓர் ஆண் மானும் ஒரு பெண் மானும் சிலைகளாக நிற்கின்றன. பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றான வெண்கலப் பெருஞ்சிலை இவ்விடத்தில்தான் கால்களை அகற்றி நின்றது என்று கூறுவார்கள். சுமார் 33 மீட்டர் உயர்ந்த அச்சிலை இந்நகரில் இருந்தது உண்மை, கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து வீழ்ந்ததும் உண்மை. கப்பல்கள் அதன் கால்களுக்கிடையே சென்றன என்பதோ பிற்காலக் கற்பனை.

இச்சிலையோடு நம் வரலாறும் பிணைக்கப்படுகிறது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில், சிரியாவின் ஆளுநராயிருந்த முஆவியா (ரலி) அவர்களின் படை ரோட்ஸை அடைந்தது. அப்போது அவர்கள் வீழ்ந்து கிடந்த வெண்கலத்தை ஒரு வணிகருக்கு விற்றதாகவும், அவர் 900 ஒட்டகங்களில் ஏற்றிச் சென்றதாகவும் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். இக்கதை தியோபனிஸ் என்ற பைஸாந்தியத் துறவியின் நூலில் காணப்படுகிறது. அவர் எழுதியது நிகழ்ச்சிக்கு 150 ஆண்டுகளுக்கும் பின்னர். இன்றைய வரலாற்றாசிரியர் பலர் இதை ஐயத்தோடுதான் நோக்குகின்றனர். வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள்; சினமும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம்.

மதிலுக்குள் ஒரு முற்றுகை

துறைமுகத்தை விட்டுச் சற்று நடந்தால் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீண்டு நகரைச் சூழ்ந்திருக்கும் பெருமதிலின் வாயில் வரும். இப்பழைய நகரை 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பாலஸ்தீனத்தை இழந்த பின் சைப்ரஸில் தங்கியிருந்த புனித யோவான் சபையின் சிலுவை வீரர்கள், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஆட்சி அமைத்தனர். அவர்களின் ‘வீரர் வீதி’ இன்றும் கூழாங்கல் பாவிய தளத்தோடு விளங்குகிறது. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் என மொழிவாரியாகத் தனித்தனி விடுதிகள் அமைத்து அவர்கள் வாழ்ந்தனர். வீதியின் கீழ்க்கோடியில் உள்ள அவர்களின் மருத்துவமனை இன்று தொல்பொருள் அருங்காட்சியகம். மேற்கோடியில் அவர்களின் தலைவர் மாளிகை. 1856இல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதைந்த அம்மாளிகையை இத்தாலியர் 1930களில் மீண்டும் எழுப்பினர்.

1522ஆம் ஆண்டு சுல்தான் சுலைமான் இம்மதிலை முற்றுகையிட்டார். ஆறு மாதம் நீடித்த முற்றுகையில் இரு தரப்பிலும் பெரும் உயிரிழப்பு. இறுதியில் நகரம் பணிந்தபோது, வீரர்கள் தம் ஆயுதங்களோடும் உடைமைகளோடும் கப்பலேறிச் செல்லச் சுல்தான் அனுமதித்தார். 1523 ஜனவரி முதல் நாள் அவர்கள் வெளியேறினர். தோற்ற பகைவனுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தது உயர்ந்த செயலே. அதே வேளையில் கிரேக்கக் கிறித்தவர்கள் மதிலுக்கு வெளியே குடியமர நேர்ந்ததையும், தேவாலயங்கள் பல பள்ளிவாசல்களாக மாறியதையும் நாம் மறைத்தல் ஆகாது. நம்மவர் செய்தது என்பதற்காக வரலாற்றின் ஒரு பக்கத்தை மூடிவிட்டு மறுபக்கத்தை மட்டும் படிப்பது நீதியன்று.

பள்ளிவாசலும் நூலகமும்

மேல்நகரில் ரோஜா நிறச் சுவர்களோடு காட்சி தருவது சுலைமானிய்யா பள்ளிவாசல். வெற்றிக்குப் பின் கட்டப்பட்டு, 1808இல் புதுப்பிக்கப்பட்டது. உள்ளே செல்லும் வாய்ப்புக் கிட்டாவிடினும் வருந்தாதீர்கள். எதிர்ப்புறம் ஓர் எளிய வாயில் இருக்கிறது. அது ஹாபிஸ் அஹ்மத் ஆகா என்பார் 1793இல் வக்ஃபாக நிறுவிய நூலகம். கூழாங்கற்களால் கோலமிட்ட சிறு முற்றம்; உள்ளே அரபு, பாரசீக, துருக்கியக் கையெழுத்துப் பிரதிகள்.

சற்றே நின்று சிந்தியுங்கள். 1912இல் உஸ்மானிய ஆட்சி முடிந்து இத்தாலியர் வந்தனர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வந்தனர். 1947இல் தீவு கிரேக்க நாட்டோடு சேர்ந்தது. கோட்டை கட்டியவர் யாவரும் போய்விட்டனர். ஒரு தனி மனிதர் அல்லாஹ்வுக்காக ஒதுக்கிய நூலகமோ இன்றும் நிற்கிறது.

1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக் கொண்டபோது கிரீட் தீவின் முஸ்லிம்கள் ஊரை விட்டுப் பிரிய நேர்ந்தது. ரோட்ஸ் அப்போது இத்தாலியின் கையில் இருந்தமையால் இங்குள்ள முஸ்லிம்கள் தப்பினர். ரோட்ஸிலும் அண்டைத் தீவான கோஸிலும் சில ஆயிரம் முஸ்லிம்கள் இன்றும் வாழ்கின்றனர். லுஹர் தொழுகைக்குப் பழைய நகரின் 16ஆம் நூற்றாண்டு இப்ராஹீம் பாஷா பள்ளிவாசலைக் கேட்டுச் செல்லுங்கள்.

கண்ணீர்ச் சதுக்கம்

பள்ளிவாசலிலிருந்து கிழக்கே நடந்தால் கடற்குதிரைகள் அமைந்த நீரூற்றுச் சதுக்கம் வரும். இது பழைய யூதர் குடியிருப்பு. 1577இல் கட்டிய அவர்களின் ஆலயம் அருகில் உள்ளது. 1944 ஜூலையில் நாஜிகள் இத்தீவின் யூதர்கள் 1,600க்கும் மேற்பட்டோரைப் பிடித்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினர். மீண்டவர் மிகச் சிலரே.

அந்நாளில் இங்கே துருக்கியின் தூதராயிருந்தவர் ஸலாஹத்தீன் உல்குமென். துருக்கியக் குடிமக்களையும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளையும் விடுவிக்க வேண்டுமென அவர் ஜெர்மானியத் தளபதியிடம் நேரில் வாதாடி, ஏறத்தாழ ஐம்பது உயிர்களைக் காத்தார். பிள்ளைகளை அழைத்து வந்திருந்தால் இச்சதுக்கத்தில் அமர்ந்து இதைச் சொல்லுங்கள்.

கடற்கரையில் ஒரு மிம்பர்

மாலையில் நகரின் வடமுனையிலுள்ள எல்லிக் கடற்கரைக்குச் செல்வோம். மணலைவிடக் கூழாங்கல்லே மிகுதி; நீர் கண்ணாடி போன்று தெளிந்திருக்கும். கோடைக் காலப் பகலில் கூட்டமும் அரைகுறை உடையும் இருக்கும். குடும்பத்தோடு செல்வோர்க்கு விடியற்காலையே உகந்தது.

கடற்கரைக்கு அருகிலேயே மரநிழலில் அமைந்துள்ளது முராத் ரயீஸ் பள்ளிவாசல். தலைப்பாகை வடிவ மீஸான் கற்கள் நிறைந்த அதன் அடக்கத்தலத்தில் உஸ்மானியக் கடற்படைத் தலைவர் முராத் ரயீஸ் துயில்கிறார். ரோட்ஸ் யூதர்கள் நன்றியோடு நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்று இங்குதான் நடந்தது. நாஜிகள் சூழ்ந்தபோது அவர்கள் தம் பழம்பெரும் தவ்ராத் சுருளைத் தீவின் முஃப்தியிடம் ஒப்படைத்தார்கள். அவர் அதை இப்பள்ளியின் மிம்பரில் மறைத்து வைத்தார். போர் ஓய்ந்தபின் உரியவர்களிடமே திரும்பச் சேர்த்தார்.

நாம் காலையில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவே. வெற்றி கொண்டவர்கள் மாளிகை எடுத்தார்கள், அவை கைமாறின. அமானிதம் காத்தவர்களின் பெயரைப் பிற சமயத்தாரும் வாழ்த்துகின்றனர்.

செல்வோர் கவனத்திற்கு: துருக்கி விசாவைக் கொண்டு கிரேக்கத்துள் நுழைய முடியாது, ஷெங்கன் விசா தனியே பெறுதல் வேண்டும். உணவகங்களில் பன்றி இறைச்சி பரவலாக உண்டு. மீன், அவரை வகைகள், ‘பித்தரூதியா’ என்னும் கொண்டைக்கடலை வடை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கூழாங்கல் வீதிகளுக்கு உறுதியான காலணி தேவை. உங்களோடு எடுத்துவர வேண்டிய மற்றொன்று, நம் குறையையும் பிறர் நிறையையும் ஒருசேரக் காணும் மனம்.