கைத்தொழிலும் கைப்பேசியும் – 9: கூரையின்மேல் செய்த வேலை

சென்ற வாரம் மரவேலைக்காரர்களைப் பற்றி எழுதியபோது, அவர்களுடைய கைத்திறமை செய்த பொருளிலேயே வெளிப்பட்டு நிற்பதால், கூடத்தில் ஆடும் ஓர் ஊஞ்சற்பலகையே அவர்களுக்குப் போதிய விளம்பரமாகிவிடுகிறது என்று குறிப்பிட்டிருந்தேன். கூரை வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், அவர்களுடைய வேலை மொட்டை மாடியிலும் ஷீட் கொட்டகையின் உச்சியிலும், தெருவில் போகிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில் கிடக்கிறது. அதன் மேன்மை தெரிய வேண்டுமானால் ஐப்பசி மழை வந்து நாலு நாள் விடாமல் அடித்து, வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை என்பதை வீட்டுக்காரர் தாமாக உணர வேண்டும். ஒழுகாத கூரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை; ஒழுகுகிற கூரையைப் பற்றியோ பேச்சு ஓய்வதில்லை. இப்படிப்பட்ட ஒரு தொழிலில் நல்ல வேலைக்காரரை நாலு பேர் தேடி வரும்படி செய்வது எவ்வாறு என்பதே இந்த வாரத்து விஷயம்.

முன்பெல்லாம் இந்தப் பிரச்னை இவ்வளவு தீவிரமாக இருந்ததில்லை. ஒழுகல் கண்டவுடன் வீட்டுக்காரர் ஷீட் கடையிலோ, சிமெண்டுக் கடையிலோ, அடுத்த வீட்டிலோ விசாரிப்பார். அவர்கள் தங்களுக்குப் பழக்கமான மேஸ்திரியின் பெயரைச் சொல்லுவார்கள். பெயர் சொன்னவரின் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காகவாவது மேஸ்திரியும் ஒழுங்காக வேலையை முடித்துக் கொடுப்பார். ஆனால் முடிச்சூரிலும் மேடவாக்கத்திலும் மாங்காட்டிலும் புதிது புதிதாக எழும்பியிருக்கும் குடியிருப்புகளில், வெவ்வேறு ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறிய ஜனங்களுக்கு அடுத்த வீட்டுக்காரரே பரிச்சயமில்லாதபோது, மேஸ்திரி எங்கே பரிச்சயமாகப் போகிறார்? படுக்கையறைத் தளத்தில் மஞ்சளாக ஒரு கறை படர்வதை இரவு பத்து மணிக்குக் கண்ட ஓர் இல்லத்தரசி, கைப்பேசியை எடுத்து, "மொட்டை மாடி ஒழுகுது, பக்கத்துல யாரு சரி பண்றாங்க" என்று வாய்விட்டே கேட்கிறார். விடையாகத் திரையில் ஒரு வரைபடமும், அதன் கீழே சில பெயர்களும் தோன்றுகின்றன. முன்பு ஏழு பெயர்கள் வந்துகொண்டிருந்த அந்த இடத்தை 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கூகுள் நிறுவனம் மூன்றாகக் குறைத்துவிட்டது. நாலாவது பெயரைப் பார்க்க இன்னொரு முறை விரலால் தட்ட வேண்டும். வீடு ஒழுகிக்கொண்டிருக்கும் வேளையில் அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கும்?

அந்த மூவரில் ஒருவராக இடம்பெறுவதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று நம் தொழிலாளர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தைப் போஷித்து, "மாதம் இவ்வளவு கொடுங்கள், உங்களை முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறோம்" என்று தொலைபேசியில் பேசி முன்பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விளம்பரம் என்று குறிப்பிட்டுக் காட்டும் இடங்களுக்குக் கட்டணம் உண்டு. அது வேறு கணக்கு. ஆனால் வரைபடத்தின் கீழ் இயல்பாக வரும் வரிசைக்கு எவரிடமும் பணம் பெறுவதில்லை என்றும், பொருத்தம், தூரம், பிரபல்யம் என்ற மூன்றைக் கொண்டே அந்த வரிசை நிர்ணயமாகிறது என்றும் கூகுளே பகிரங்கமாக எழுதி வைத்திருக்கிறது. இம்மூன்றில் தூரம் நம் வசத்தில் இல்லை. தேடுகிறவர் வேளச்சேரியிலும் தொழிலாளி ஊரப்பாக்கத்திலும் இருந்தால் இருக்கிற தூரம் இருந்தே தீரும். அதைக் குறைப்பதற்காக நாலு பேட்டைகளில் இல்லாத அலுவலகங்களைப் பதிவு செய்வது விதிகளுக்கு விரோதமான காரியம். தெரியவந்தால் பதிவு முழுவதுமே முடங்கும். கடை வைக்காமல் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர் தம் விலாசத்தை மறைத்துக்கொண்டு, தாம் வேலைக்குப் போகும் பகுதிகளை மட்டும் இருபது வரை குறித்துக்கொள்ள அநுமதி உண்டு. உண்மையிலேயே போகக்கூடிய ஊர்களை மட்டும் குறித்தால் போதும்.

பொருத்தம் என்பது முழுக்க முழுக்க நம் கையில் உள்ளது. ஆயினும் அதைத்தான் தொழிலாளர்கள் பெரிதும் அலட்சியம் செய்கிறார்கள். கூகுளின் தொழிற்பதிவில் பிரதானமான ஒரு வகையையும் அதற்கு மேல் ஒன்பது உபவகைகளையும் குறிக்கலாம். தொழிலைப் பற்றி 750 எழுத்துகள் வரை விவரித்து எழுதலாம். செய்யும் வேலைகளைத் தனித்தனியாகப் பட்டியலிடலாம். இவ்வளவு வசதி இருந்தும், "எல்லா விதமான ரூஃபிங் வேலைகளும் செய்து தரப்படும்" என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தேடுகிறவருக்கு ரூஃபிங் என்ற சாஸ்திரத்தில் அக்கறை இல்லை. தம் வீட்டுக்கு நேர்ந்திருக்கும் சங்கடம் ஒன்றுதான் அவர் மனத்தில் இருக்கிறது. தட்டோட்டின் மூட்டுகள் வாய் பிளந்து தண்ணீர் இறங்குகிறது என்பார் ஒருவர். கைப்பிடிச் சுவரின் அடியில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிகிறது என்பார் இன்னொருவர். மாடியில் வாட்டம் சரியில்லாமல் மழை நின்ற பின்னும் குளம் கட்டி நிற்கிறது, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றிவிட்டு கலர் ஷீட் போட வேண்டும், தாத்தா காலத்துச் சீமை ஓடுகள் சரிந்துவிட்டன என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குறை. இந்தக் குறைகளை அவரவர் சொல்லுகிற பாஷையிலேயே, "டெரஸ் லீக்கேஜ்" என்கிறவர்களுக்கு அப்படியும், "மாடி ஒழுகல்" என்கிறவர்களுக்கு இப்படியும் எழுதி வைத்தால், தேடுகிறவரும் தொழிலாளியும் சந்திப்பதற்கு வழி பிறக்கும். ஓர் எச்சரிக்கை: இந்தச் சொற்களையெல்லாம் தொழிலின் பெயருக்குள்ளேயே திணித்து நீட்டிவிடக் கூடாது. கடைப்பலகையிலும் ரசீதிலும் என்ன பெயர் இருக்கிறதோ அதுவே பதிவிலும் இருக்க வேண்டும் என்பது விதி.

வார்த்தைகளைக் காட்டிலும் கூரை வேலைக்கு அதிகப் பிரயோஜனமானது புகைப்படம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் வேலைக்கு வேறு சாட்சி ஏது? பெரும்பாலோர் வேலை முடிந்த பிறகு பளபளவென்று மின்னும் நீல ஷீட்டை எட்ட நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அதில் தவறில்லை; ஆனால் அது எல்லாருடைய படத்தையும்போல இருக்கும். ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு பிணைக்கும் ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே கறுப்பாக ஒரு ரப்பர் வாஷர் உண்டு. அதை அளவுக்கு மீறி முடுக்கினால் வாஷர் நசுங்கிப் பிதுங்குகிறது. குறைவாக முடுக்கினால் இடுக்கு விடுகிறது. எப்படியிருந்தாலும் சில வருஷத்து வெயிலில் இறுகி வெடித்து, அந்த வெடிப்பின் வழியாக இறங்கும் நீர் சட்டத்தின் அடிப்புறமாகவே ஓடி, துளைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் போய்ச் சொட்டுகிறது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே எத்தனை முறை தாரைப் பூசினாலும் ஒழுகல் நிற்காத மர்மம் இதுதான். இப்போது ஒரு தொழிலாளி அந்த வெடித்த வாஷரை உள்ளங்கையில் வைத்து ஒரு படமும், துருவேறிய துளையை அருகிலிருந்து ஒரு படமும், புது வாஷர் பொருத்தியபின் ஒரு படமும் எடுத்து, "மறைமலைநகரில் ஒரு பட்டறை, தண்ணீர் சொட்டியது நடுவில், துளை இருந்தது ஓரத்தில்" என்று ஒரு வரியும் எழுதிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கிற வீட்டுக்காரர், இந்த மனிதர் நோயின் மூலத்தைத் தேடுகிறவர் என்று அந்த நிமிஷத்திலேயே தெளிந்துவிடுவார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை மேலும் கீழுமாக அடுக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று 15 சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். அதை டேப் வைத்து அளந்து காட்டும் ஒரு படம், "தரமான வேலை" என்று பத்து முறை எழுதுவதைக் காட்டிலும் மதிப்புள்ளது.

பிரபல்யம் என்ற மூன்றாவது அம்சத்தில்தான் தர்மசங்கடங்கள் மிகுதி. வேலை செய்வித்துக்கொண்டவர்கள் எழுதும் அபிப்பிராயங்களும் அவர்கள் இடும் நட்சத்திரங்களும் இதில் பெரும்பங்கு வகிப்பதால், அவற்றை விலைக்கு வாங்கித் தருகிறோம் என்று கிளம்பியிருக்கும் கூட்டம் சிறிதல்ல. கூரை வேலைக்காரர் ஒருவர்கூட இந்த வலையில் விழக் கூடாது என்று நான் மனமார விரும்புகிறேன். கூகுளின் விதிகள் பொய் அபிப்பிராயத்தைத் தடுப்பதோடு நிற்கவில்லை. "நல்லபடியாக எழுதினால் கூலியில் தள்ளுபடி" என்று உண்மையான வாடிக்கைக்காரருக்கே ஆசை காட்டுவதையும், திருப்தியடைந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து எழுதச் சொல்லுவதையும் அவை தடுக்கின்றன. நம் தேசத்திலும் 2022ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணையத்தில் வெளியாகும் இத்தகைய அபிப்பிராயங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது.

கேட்டு வாங்குவதில் குற்றமில்லை. கேட்கிற விதத்தில்தான் பக்குவம் இருக்கிறது. வேலை முடிந்து கணக்குத் தீர்த்த மறுநாளே கேட்பதைக் காட்டிலும், முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு முறை வீட்டுக்கே போய், "அம்மா, மழை நல்லா பேஞ்சுதே, உள்ள ஏதாவது எறங்குச்சா? ஒரு தடவ மேல ஏறிப் பாத்துட்டுப் போறேன்" என்று விசாரித்துவிட்டு, "இல்லப்பா, இந்த வருஷந்தான் பக்கெட் வைக்காம தூங்கினோம்" என்று அந்த அம்மாள் சொல்லும்போது, "அதையே போன்ல ரெண்டு வரி எழுதி விடுங்கம்மா" என்று கேட்டால், அவர் எழுதுவது வெறும் "குட் ஒர்க்" ஆக இராது. எந்தப் பேட்டை, என்ன கூரை, எவ்வளவு காலமாக ஒழுகியது, என்ன செய்தார்கள் என்ற விவரங்கள் அதில் இயல்பாகவே வந்துவிடும். அதே சங்கடத்தில் இருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அந்த விவரங்களே வழிகாட்டி. தேடுபொறிக்கும் பொருத்தத்தைக் காட்டிக் கொடுப்பவை அவையே. குறை கூறி யாரேனும் எழுதிவிட்டால் கோபத்தோடு சண்டைக்குப் போகாமல், "ஐயா, தாங்கள் சொன்ன மூலையில் மறுபடி கசிவதை வந்து பார்த்தோம், வெயில் காய்ந்ததும் சரி செய்து தருகிறோம்" என்று பகிரங்கமாகப் பதில் எழுதி, சொன்னபடி செய்தும் கொடுத்துவிட வேண்டும். குறையே இல்லாத பட்டியலைக் காட்டிலும், குறைக்கு இப்படிப் பதில் சொல்லியிருக்கும் பட்டியலை நம்புகிறவன் நான்.

இவற்றோடு, சிறியதாயினும் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துக்கொள்வது நல்லது. பதிவு செய்த தொழிலாளர்களுக்கு கூகுள் இலவசமாக அமைத்துக் கொடுத்திருந்த இணையதளங்களை 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நிறுவனமே நிறுத்திவிட்டது. அவற்றை மட்டும் நம்பியிருந்தவர்கள் அன்று நிராதரவாக நின்றார்கள். சொந்தப் பெயரில் ஒரு தளம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம், கைப்பேசியில் சட்டென்று திறக்கும்படி கனமில்லாத படங்கள், தொட்டால் அழைப்புப் போகும் தொலைபேசி எண்: இவ்வளவு இருந்தால் போதும்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ராஜ்யத்துக்கு வருஷ மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுவருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் சென்னையையும், 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் தொடங்கி டெல்டா ஜில்லாக்களையும் தாக்கியபோது, ஓடுகளும் ஷீட்டுகளும் பறந்துபோன வீடுகளில் ஜனங்கள் யாரை அழைப்பதென்று தெரியாமல் திகைத்தார்கள். அந்த வேளையில் பதிவைத் தொடங்குகிறவருக்கு அது உதவாது; புதிதாகப் பதிந்த பெயருக்குச் சாட்சிகள் சேர்ந்து மதிப்பு ஏற்பட மாதங்கள் பிடிக்கும். மேலும், ஈரம் காயாத தளத்தில் வாட்டர் புரூஃபிங் செய்வது பெரும்பாலும் வீண் செலவு. ஆகவே சித்திரை, வைகாசியிலேயே, வெக்கை தாங்காமல் "கூல் ரூஃப்" வெள்ளை ஓடு பதிப்பவரைத் தேடும் வீட்டுக்காரர்களுக்கு வேலை செய்து கொடுத்து, அந்தப் படங்களையும் அபிப்பிராயங்களையும் சேர்த்துக்கொண்டு வந்தவர், ஆடி ஆவணிக்குள் ஒழுகல் வேலைக்கும் ஆயத்தமாகிவிடுவார். ஐப்பசியில் வரும் அழைப்புகளில், இப்போது தாற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டுக் கொடுத்துவிட்டு, தை பிறந்தபின் நிரந்தர வேலைக்கு வருகிறேன் என்று நேர்மையாகச் சொல்லுகிறவருக்கு அந்த வருஷத்து வேலை தை மாசியிலும் தொடரும்.

கட்டணம் கட்டிச் செய்யும் விளம்பரத்தைப் பற்றி நான் வேண்டுமென்றே இன்று அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் ஏலம்போல விலை நிர்ணயமாகும் அந்த முறையில், மூன்று பேர் கொண்ட ஒரு சிறு கூரைக் கோஷ்டி எவ்வளவு செலவிடலாம், எந்தப் பேட்டைகளோடு நிறுத்திக்கொள்ளலாம், கைநிறைய வேலை இருக்கும்போது விளம்பரத்தை எப்படி நிறுத்தி வைப்பது என்பவற்றை அடுத்த வாரம் கணக்கோடு எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)