எச்.ஐ.வி தடுப்பில் ஆண்களின் பங்கு

எச்.ஐ.வி தடுப்பில் ஆண்களின் பங்கு என்பது, எச்.ஐ.வி தீநுண்மம் பரவுவதைக் குறைக்க ஆண்களின் பாலியல் நடத்தை, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றில் கவனம் செலுத்தும் பொதுநல அணுகுமுறை ஆகும். 2000, 2001 ஆம் ஆண்டுகளின் உலக எய்ட்ஸ் பரப்புரை ஆண்களை மையமாகக் கொண்டு நடத்தப்பட்டது.

தேவை

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலாக 1986 இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் பாலியல் தொழிலாளர்களின் குருதி மாதிரிகளில் கண்டறியப்பட்டது. இதனால் இது அவர்களுக்கு மட்டும் உரிய நோய் என்னும் எண்ணம் பரவியது. ஆனால் 2000 இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், தொற்றுக்குள்ளான 134 பெண்களுள் 88 விழுக்காட்டினர் ஒரே துணையுடன் மட்டும் வாழ்ந்தவர்கள். 'ஒருவனுக்கு ஒருத்தி' என்னும் நெறியை மனைவி மட்டும் பேணுவது அவளைக் காக்கப் போதாது என்பதை இது உணர்த்தியது.

சென்னையின் மேற்குப் புறநகர்

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியின் தொழிற்சாலைகள், பூந்தமல்லி வழியே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலை ஆகியவற்றால் இப்பகுதிக்கு வெளியூர்த் தொழிலாளர்களும் சரக்குந்து ஓட்டுநர்களும் மிகுதியாக வருகின்றனர். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இவ்விரு பிரிவினரையும் தடுப்புப் பணியில் சிறப்புக் கவனம் பெற வேண்டியவர்களாக வகைப்படுத்துகிறது. இவர்களது தொழில் நோய்க்குக் காரணமன்று. குடும்பத்தை நெடுநாள் பிரிந்திருப்பதும், பாதுகாப்பற்ற பாலுறவுமே இடரை மிகுவிக்கின்றன.

முயற்சிகள்

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994 இல் தொடங்கப்பட்டது. ஆண்கள் தயக்கமின்றிப் பேசும் இடம் என்பதால், 1990களில் முடிதிருத்துநர்களுக்குப் பயிற்சி அளித்து அவர்கள் வழியாக விழிப்புணர்வு பரப்பப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் வந்த "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்னும் விளம்பரம், ஆண்களைத் தம் நடத்தை குறித்துச் சிந்திக்கத் தூண்டியது.

விளைவு

2006 இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கருவுற்ற பெண்களிடையே எச்.ஐ.வி விகிதம் 2000 இல் 1.7 விழுக்காடாக இருந்து, 2004 இல் 1.1 விழுக்காடாகக் குறைந்தது. ஆண்கள் பாலியல் தொழிலாளர்களிடம் செல்வது குறைந்தது அல்லது ஆணுறைப் பயன்பாடு கூடியது இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

பரிசோதனையும் சிகிச்சையும்

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசப் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன. தொடர் மருந்தால் குருதியில் தீநுண்மம் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. ஆகவே கணவர் தம் நிலையை அறிந்து மருந்து உட்கொள்வது மனைவிக்கும் பாதுகாப்பாகும். வேலை பறிபோகும் என்னும் அச்சம் ஆண்கள் பரிசோதனையைத் தவிர்க்க ஒரு காரணம். 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் பணியிடப் பாகுபாட்டைத் தடை செய்கிறது.