ஜீன் ஆளுக்கொன்று, குழம்பு வீட்டுக்கொன்று

முழு உடல் பரிசோதனைக்குப் பழகிவிட்ட கோவையில், எச்சில் மாதிரி கொடுத்து ஜீனைப் படித்துப் பார்க்கும் ஆர்வமும் எழுவது இயல்பு. உப்பு உங்களுக்கு ஆகாது என்று உங்கள் ஜீனே சொன்னால் உப்பைக் குறைப்பீர்கள் என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை. அதற்கு ஆதாரமும் உண்டு. டொரான்டோ பல்கலைக்கழகத்தார் 138 பேரை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.சி.இ. ஜீனின் ஆபத்தான வகை தங்களிடம் இருப்பதை அறிந்தவர்கள் ஓராண்டில் நாளொன்றுக்குச் சுமார் 287 மில்லிகிராம் சோடியத்தைக் குறைத்திருந்தார்கள். பொது அறிவுரை மட்டும் கேட்டவர்கள் குறைக்கவில்லை.

ஆனால் அந்த 287 மில்லிகிராம், உப்புக் கணக்கில் முக்கால் கிராமைக்கூட எட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 5 கிராம். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியர் உண்பது சராசரியாக 8 கிராம். மீதி எங்கே குறையும்? கொங்கு வீடுகளில் அரிசிம்பருப்புக்கு உப்பு உலையிலேயே விழுந்துவிடுகிறது. மாமனாருக்கு ஒரு ஜீன், மருமகனுக்கு வேறு ஜீன் என்றாலும் இருவருக்கும் பரிமாறுவது ஒரே சட்டியிலிருந்துதான். அறிக்கைக்கு ஏற்பத் தனித்தனியாகச் சமைக்கும் சுமை வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும். பேக்கரி பப்ஸிலும் ஊறுகாயிலும் இருக்கும் உப்போ யாருடைய ஜீனையும் கேட்பதில்லை.

எனக்குப் பெரிய கவலை, ‘ஆபத்து இல்லை’ என்ற அறிக்கையோடு வீடு திரும்புகிறவர்களைப் பற்றியது. டொரான்டோவிலும் அத்தகையோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ரத்தக்கொதிப்பை ஒற்றை ஜீன் தீர்மானிப்பதில்லை. வயது, எடை, சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 2020 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அவர்களில் 7.3 சதவீதம்தான். இந்த நிலையில் ஒரு தாள் தரும் பொய்த் தைரியம் உயிருக்கே உலை வைக்கும். சொந்த ஜீனைப் பற்றிய பயமாவது மனிதரை அசைக்குமே என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த மதிப்பீடு, மரபணு ஆபத்தைச் சொல்வதால் பழக்கங்கள் மாறுவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது.

சட்டியில் விழும் உப்பையே மாற்றினால் என்ன நடக்கும் என்பதைச் சீனா காட்டியிருக்கிறது. 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. யாருடைய ஜீனும் பார்க்கப்படவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக் கூடாது. மற்ற வீடுகள் மாத உப்பை அளந்து வாங்கி, சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஜீன் பரிசோதனைக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு பி.பி. மிஷின் வாங்குங்கள், அது குடும்பம் முழுவதற்கும் ஆண்டுக்கணக்கில் உண்மையைச் சொல்லும்.